மூன்றாம் லேன் குழி

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று அவன் வந்தான்.

இருபத்தைந்து வருடம் கழித்து என் தலைக்கு மேலேயே வந்து நின்றான். மிகைப்படுத்தி எழுதவில்லை, என் வேலை அப்படி. இந்த அரபு நாட்டில் பழைய வண்டி வைத்திருப்பவன் வருடத்துக்கு ஒருமுறை பாஸிங் எடுக்க வேண்டும். பாஸிங் ஆனால்தான் முல்கியாவை, அதாவது வண்டியின் பதிவு அட்டையை, புதுப்பிக்க முடியும். முல்கியா இல்லாமல் ரோட்டில் இறங்கினால் போலீஸ் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த பாஸிங் நடக்கிற இடத்தில் மூன்றாம் லேனில் ஐந்தரை அடி ஆழத்துக்கு ஒரு குழி இருக்கிறது. பதினாலு வருடமாக அதற்குள்தான் நிற்கிறேன். வண்டி தலைக்கு மேல் வந்து நின்றதும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒழுகல், கிழிசல், துரு ஏதாவது இருந்தால் மேலே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் மலப்புரத்து பஷீரிடம் கத்துவேன். நான் சொன்னால் ஃபெயில், சொல்லாவிட்டால் பாஸ்.

பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார். 2006 மாடல். ஓட்டி வந்தவன் பஷீரிடம் ஏதோ கேட்டான். கேட்பதற்கு முன்னால் தொண்டையை இரண்டு முறை செருமினான். அந்தச் செருமலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். பாக்கியநாதன் தேவசகாயம். அவனேதான்.

எஞ்சினுக்கு அடியில் லேசாக எண்ணெய்க் கசிவு இருந்தது. கசிவு என்றுகூடச் சொல்ல முடியாது, ஈரம். தினமும் இருபது வண்டியில் பார்த்து இருபதையும் விட்டுவிடுகிற ஈரம். "ஆயில் லீக், ஃபெயில்" என்று கத்தினேன். பழைய வண்டியின் அடியில் குறையைத் தேடினால் கிடைக்கும். தேடாவிட்டால் கிடைக்காது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குழிக்குள் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

சாயங்காலம் துணி துவைக்கும்போது என்னையறியாமல் விசிலடித்துக்கொண்டிருந்தேன். ரூமில் ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

அக்டோபர் 4, புதன்

வடிவு போன் செய்தாள். ஊரில் மழை, கொல்லைச் சுவரில் ஓதம் ஏறுகிறதாம். எல்லாம் கேட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவுகளா? வயசாயிருக்குமே. உடம்பு எப்படி இருந்துச்சு?"

"அவன் உடம்பு எனக்கு எதுக்கு? ஃபெயில் போட்டு அனுப்பிட்டேன்."

"பழைய கதைய விடுங்களேன்" என்றாள்.

எப்போது இந்தப் பேச்சு வந்தாலும் இதே ஒரு வரிதான். தாலி கட்டிக்கொண்டவளுக்கே நம் வயிற்றெரிச்சல் புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்? போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 6, வெள்ளி

அரை நாள் வேலை. உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. எழுதியே விடுகிறேன்.

1998. பாலைவனத்துக்கு நடுவில் எண்ணெய்க் கம்பெனியின் பைப் வேலை. நான் ஃபிட்டர், வயது இருபத்து நாலு. கல்யாணமாகி எட்டு மாதம். அதற்கு முன்னால் பஹ்ரைனிலிருந்து நாலு மாதத்தில் ஊர் திரும்பியது வேறு கதை, அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. பம்பாயிலும் அப்படித்தான். அதெல்லாம் இங்கே தேவையில்லை.

கேம்ப் ஆபீஸில் மட்டும்தான் போன். யாருக்கு ஊரிலிருந்து போன் வந்தாலும் ஃபோர்மேன் எடுத்துத்தான் கூப்பிடுவான். ஃபோர்மேன் பாக்கியநாதன், நாசரேத்துக்காரன். ஊர்ப்பக்கம் என்பதால் நான் அவனை அண்ணாச்சி அண்ணாச்சி என்று வால் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பா இறந்தது ஒரு புதன்கிழமை. எனக்கு அவன் சொன்னது திங்கட்கிழமை. அதுவும் நேராகச் சொல்லவில்லை. "அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ்ல" என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் கழித்து "போயிட்டாருல" என்றான். என்றைக்கு என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, புதன்கிழமை என்றான். மூத்த மகன் நான். கொள்ளி வைத்தது தம்பி.

இறந்துபோனார் என்பதைக்கூட ஒருவன் தாங்கிக்கொள்வான். அந்த ஐந்து நாளை எப்படித் தாங்குவது? எனக்கு நிழலில் வேலை போட்டுக் கொடுத்தான். தன் சாப்பாட்டிலிருந்து மீன் பொரித்ததை எடுத்து என் தட்டில் வைத்தான். இன்றைக்கு என்ன இவ்வளவு பாசம் என்று கிண்டல்கூடச் செய்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் மெஸ்ஸில் வீடியோவில் ஒரு காமெடிப் படம் போட்டார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஊரில் என் அப்பா எரிந்துகொண்டிருந்த நேரம் அது. அவன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏன் என்று அப்போதே கேட்டேன். "வேல முடியட்டும்னுதான்" என்றான். கம்பெனி வேலை. அவனுக்கு அதுதான் பெரிதாக இருந்திருக்கிறது. அந்த மாதமே வேறு கேம்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டேன். ஊருக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்த பிறகு போய் எந்த மூஞ்சியைக் காட்டுவது?

எழுதி முடித்ததும் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை, கூடத்தான் செய்கிறது.

அக்டோபர் 9, திங்கள்

மறுபடி வந்தான். ஃபெயிலான வண்டியை ஒரு மாதத்துக்குள் அதே இடத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும். வேறு எங்கேயும் ஓட முடியாது. அவன் வண்டி இரண்டாம் லேனுக்குப் போவதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த நேபாளியிடம் இடம் மாற்றிக்கொண்டேன்.

எஞ்சின் அடியைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்திருந்தான். ஸ்டியரிங் கம்பியின் முனையில் உள்ள ரப்பர் உறையில் வெடிப்பு. கிழியவில்லை, இன்னும் ஒரு வருடம் தாங்கும். "ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கு, ஃபெயில்."

இந்த முறை அவன் குனிந்து குழிக்குள் பார்த்தான். தலை முழுக்க நரை. முகம் வற்றிப்போயிருந்தது.

"ஏல, சுடலையா?"

"வண்டிய எடுங்க. பின்னால ஆள் நிக்கு."

"சுடலமுத்துதானல? நான் பாக்கியநாதம்ல."

"தெரியும். வண்டிய எடுங்க."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். போய்விட்டான். யார் போட்டது என்று தெரிந்துகொண்டு போகிறான், அதுதான் எனக்கு வேண்டும்.

அக்டோபர் 10, செவ்வாய்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அவன் என்னை அடையாளம் கண்டதை வடிவிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணாச்சி ஏதாவது சொன்னாவளா?"

"என்ன சொல்லுவான்? சொல்ல என்ன இருக்கு?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

பிறகு பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். அவள் பால் காய்ச்சுவது காலையில்தான்.

அக்டோபர் 13, வெள்ளி

பல்லைப் பிடுங்கியாயிற்று. கஞ்சிதான்.

அக்டோபர் 17, செவ்வாய்

மூன்றாம் முறை. ரப்பர் உறை புதிது, பார்க்க அழகாக இருந்தது. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையத்தில் ஒன்று தளர்ந்திருந்தது. ஃபெயில். பஷீர் எட்டிப் பார்த்து, "இதுக்கு எல்லாம் ஃபெயில் போடுமோ சேட்டா?" என்றான். "ரூல்ல இருக்கு" என்றேன். ரூலில் இருக்கத்தான் செய்கிறது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே அவன் நின்றுகொண்டிருந்தான். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னென்ன மாத்தணும்னு ஒரேயடியாச் சொல்லிருல. இருபத்தாறாந்தேதி முல்கியா முடியுது. எமிலிக்கு முட்டியில ஆபரேஷன் பண்ணிருக்கு. ஒண்ணு விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். அவளால பஸ்ல ஏற முடியாது."

எமிலி அவன் மனைவி. அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் டவுனிலிருந்து கேம்புக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவாள். அந்த மீனும் அவள் பொரித்ததுதான். அதை இப்போது ஏன் நினைக்கிறேன்?

நான் கேட்டேன். இத்தனை வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைக் கேட்டேன். "அஞ்சு நாள் எங்கிட்ட மறைச்சீரே. கம்பெனி உமக்கு என்ன குடுத்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். தொண்டையைச் செருமினான். எதையோ சொல்ல வந்து விழுங்கியது போல இருந்தது.

"மறைச்சேன். தப்புதான்" என்றான். அவ்வளவுதான். நடந்து போய்விட்டான்.

ஒப்புக்கொண்டுவிட்டான். இதைத்தான் கேட்க வேண்டும் என்றிருந்தேன். ஆனால் அவன் எனக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், சண்டை போட்டிருக்க வேண்டும், கம்பெனியைப் பழி சொல்லியிருக்க வேண்டும். இப்படி ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு போனால் என் இருபத்தைந்து வருடத்துக்கு என்ன மரியாதை?

அக்டோபர் 20, வெள்ளி

இருபத்தாறுவரை இழுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவன் பெண்டாட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு போகட்டும்.

மேலே எழுதியதை வாசித்துப் பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 24, செவ்வாய்

நாலாம் முறை.

வளையம் புதிது. எண்ணெய் ஈரம் இல்லை. ரப்பர் நன்றாக இருக்கிறது. டார்ச்சைப் பின்பக்கம் கொண்டுபோனேன், இதுவரை அங்கே நான் சரியாகப் பார்க்கவே இல்லை. முன்பக்கமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப். விரல் பருமன்கூட இல்லாத இரும்புக் குழாய். ஒரு ஜாண் நீளத்துக்குத் துரு தின்றிருந்தது. நகத்தால் தொட்டேன், செதில் உதிர்ந்தது. அடியில் ஒரு சொட்டு ஈரம். முகர்ந்து பார்த்தேன். பிரேக் ஆயிலேதான்.

இந்த மாதிரி பைப், சக்கரத்தைச் சுழலவிட்டு பிரேக் பார்க்கும் ரோலரில் வைத்துச் சோதித்தால் ஒழுங்காகத்தான் காட்டும். அவன் வண்டியும் காட்டியது. மெதுவாக மிதிக்கும்வரை தாங்கும். ஹைவேயில் குறுக்கே ஒருவன் வந்து இவன் முழுப் பலத்தோடு மிதிக்கும்போதுதான் வெடிக்கும். நாளைக்கா, அடுத்த மாதமா, சொல்ல முடியாது. பதினாலு வருடத்தில் இப்படி எத்தனையோ பார்த்து நிறுத்தியிருக்கிறேன். ஒருமுறை ஒரு அரபுக்காரர் குழிக்குள் இறங்கி வந்து என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

பஷீர் மேலிருந்து, "மூணாம் லேன் ஓக்கே ஆணோ?" என்றான்.

"ஓக்கே" என்றேன்.

"ஒண்ணும் இல்லே?"

"ஒண்ணுமில்ல. பாஸ்."

கையெழுத்துப் போட்டேன்.

அவன் பேப்பரை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. குனிந்து என்னைப் பார்த்தான்.

"நல்லாப் பாத்தியால?"

"பாத்தேன்."

"பின்பக்கமும்?"

"எல்லாம் பாத்தாச்சு. எடுங்க."

மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

நான் எதையும் அறுக்கவில்லை, கழற்றவில்லை. எனக்குத் தெரிந்ததை அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவனும் எனக்கு இதைத்தானே செய்தான்? கணக்குச் சரியாகிவிட்டது. எமிலி அக்கா பின் சீட்டில்தான் உட்காருவாள், காலை நீட்ட வேண்டுமே. பின் சீட் பாதுகாப்பு என்பார்கள்.

மத்தியானம் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன். பல் பிடுங்கிய இடத்தில்கூட வலி இல்லை.

அக்டோபர் 25, புதன்

இதை எழுதவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வடிவைக் கூப்பிட்டேன். பேச்சு தானாக அங்கேதான் போயிற்று.

"அவனுக்கு பாஸ் போட்டுக் குடுத்துட்டேன்."

"நல்ல காரியம் செஞ்சீங்க. சாமி நல்லா வைக்கும்" என்றாள். குரலே மாறிவிட்டது. மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைப் விஷயத்தைச் சொன்னேன். பிரேக் என்றால் என்ன, வெடித்தால் என்ன ஆகும் என்று கைக்குழந்தைக்குச் சொல்வது போல விளக்கிச் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"அவுகளைக் கூப்பிட்டு நிறுத்துங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அன்னைக்குச் சொல்லாதீங்கன்னு சொன்னது நான்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த அன்றைக்கு என்று கேட்டேன்.

"மாமா செத்த அன்னைக்கு. எஸ்டிடி பூத்துல இருந்து நான்தான் போன் போட்டேன். அண்ணாச்சி எடுத்தாவ. இந்தா கூப்பிடுதேம்மானு சொன்னாவ. நான்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

"நீங்க வந்தா திரும்பப் போவ மாட்டீங்க. பம்பாய்ல இருந்து ஓடி வந்தீங்க, பஹ்ரைன்ல இருந்து ஓடி வந்தீங்க. மாமாவே கடைசில சொன்னாவ, அவன்ட்ட சொல்லாதீங்க, இதச் சாக்கா வச்சு வந்துருவாம்னு. ஊரே சிரிச்சுது உங்களப் பாத்து. என்னையும்தான். அண்ணாச்சி முடியாதுன்னுதான் சொன்னாவ. பெத்த அப்பன் சாவ மறைக்கப்படாதும்மானு சொன்னாவ. நான் அழுதேன். காரியம் முடியுத வரைக்கும் சொல்லாதீங்க, எம் பேரு எப்பவும் வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன்."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இருபத்தஞ்சு வருசமா நீங்க அவுகளத் திட்டும்போதெல்லாம் என்னையத்தான் திட்டுதீங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்பம் என்னையத் திட்டுங்க. அவுகள மட்டும் கூப்பிட்டு நிறுத்திருங்க."

போனை வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

பாக்கியநாதனின் நம்பர் என்னிடம் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பஷீரிடம் கேட்டால் இப்போதே பார்த்துச் சொல்வான். எதற்கு என்று கேட்பான். என்ன பதில் சொல்வது? காலையில் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரியில் கிழவன் வண்டியை எடுக்கமாட்டான்.

எடுக்கமாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

ஏழு மணிக்கு ஆபீஸ் திறந்ததும் நம்பரும் விலாசமும் எடுத்தேன். போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்றைக்கு எமிலி அக்காவின் ஆஸ்பத்திரி நாளா இல்லையா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று தெரியவில்லை. லீவு சொல்லாமலேயே டாக்ஸி பிடித்தேன்.

டாக்ஸியிலிருந்து இறங்கி, பக்கத்துக் கட்டடங்களில் நம்பரைத் தேடி அலைந்துவிட்டு வந்து சேர்ந்தேன். பழைய மூன்று மாடிக் கட்டடம். கீழே மணலில் வெள்ளைக் கார் நின்றது. டிரைவர் சீட்டில் அவர். பக்கத்தில் யாரும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். மூச்சு வாங்கியது.

அவர் கண்ணாடியை இறக்கினார். ஆச்சரியப்பட்ட மாதிரி இல்லை.

"ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்புதேன். எமிலி இறங்கி வந்துக்கிட்டு இருக்கா. நீயும் வாயேன். ஏறு" என்று பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"அண்ணாச்சி, எஞ்சினை அணைங்க."

"ஏம்ல? நீதான பாத்த. ஒண்ணுமில்ல, பாஸ்னு கையெழுத்துப் போட்டிருக்க. ஏறு. ஹைவேல ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். நூத்தியிருவதுல போய் ஒரு மிதி மிதிப்போம்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏறுல."

"வேண்டாம் அண்ணாச்சி. பின்னால பிரேக் பைப்பு..."

அவர் எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"தெரியும். சைலன்சர் வளையம் மாத்தும்போதே கராஜ்காரன் காட்டுனான். பைப்பு வர நாலு நாள் ஆவும்னான். ஊர்ந்துதான் அங்க கொண்டு வந்தேன். நீ ஃபெயில் போடுவ, அத வச்சு முல்கியாவுக்குக் கொஞ்ச நாள் தவணை கேக்கலாம்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மூணு தடவ ஃபெயில் போட்டப்பம் எனக்கு வருத்தம் இல்லல. கோவம், தீத்துக்கிடட்டும்னு விட்டேன். நீ பாஸ்னு சொன்னியே, அப்பந்தான் எனக்குக் கை காலு ஆடிப்போச்சு. ரெண்டு நாளா வண்டிய எடுக்கல. டாக்ஸிதான். எமிலிட்ட நான் ஒண்ணும் சொல்லல. இப்பம் நீ டாக்ஸில இருந்து இறங்குதத மாடில இருந்து பாத்தேன். அதான் வந்து உக்காந்தேன்."

அவர் காலைத் தொடலாமா என்று தோன்றியது. கதவு நடுவில் இருந்தது.

"வடிவு சொல்லிட்டாளாக்கும்" என்றார்.

"ஆமா."

"சொல்லிருக்கப்படாது அந்தப் புள்ள. ஒண்ணும் ஆயிருக்காது. நான்தான் வண்டிய எடுக்கலயே."

"நீங்க அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாமே அண்ணாச்சி. கேட்டுக்கு வெளிய நின்னு கேட்டேனே, அன்னைக்காவது."

"சொன்னா அவகிட்டயும் இப்படிக் கோவத்தோடதான நிப்ப?" என்றார். பிறகு என் முகத்தையே பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். அவ சொல்லலேன்னா நீ இன்னைக்கு வந்திருப்பியால?"

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார், நம்பியதாகக் காட்டிக்கொண்டாவது இருந்திருப்பார்.

"வந்திருக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இறங்கி, வண்டியைப் பூட்டி, கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்வார் என்று நினைத்தேன். என் சட்டைத் தோளில் எதுவோ ஒட்டியிருந்தது போல, அதைத் தட்டிவிட்டார்.

பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். மேலே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை.